இருபதாம் எண்

ஏப்ரல் 6, ஞாயிறு

மாலை 6.42. பஹ்ரோம் அழைத்தான். மடிக்கணினித் திரையில் அவன் நெற்றியும், பின்னால் ஒரு வெள்ளைச் சுவரும் தெரிந்தன. "அப்பா" என்றான். படம் உறைந்தது. வைஃபை குறியின் மேல் மஞ்சள் முக்கோணம் வந்தது. அழைப்பு அறுந்தது. இரண்டு நொடி. மூன்றாகவும் இருக்கலாம்.

இது ஏழாவது முறை. மார்ச் 16 முதல் ஒவ்வொரு வியாழனும் ஞாயிறும் இப்படித்தான். பிப்ரவரியில் இந்தக் கணினியை வாங்கியபோது அரை மணி நேரம்கூடப் பேசியிருக்கிறோம். ஆனால் அப்போது என் கண்ணில் புரை. மகன் என்று ஒரு பழுப்பு நிழலைத்தான் பார்த்தேன். மார்ச் 25 அன்று இடது கண்ணைச் சரிசெய்தார்கள். வாதுமை மரத்தின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிகிறது. மகனைத்தான் பார்க்க முடியவில்லை. அவன் ரஷ்யாவில் யெகாதெரின்பர்குக்கு வேலைக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிறது.

என் மனைவி ஓய்னிசோவின் போனில் பார்க்கலாம் என்றால், கண்ணாடி சிலந்தி வலையாக உடைந்திருக்கிறது. அதுவும் அந்த நேரத்தில் சார்ஜ் இருப்பதில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஃபரூஹ் வந்தான். ஓய்னிசோவின் தங்கை மகன். இங்கே குஜந்தில், பஞ்ச்ஷன்பே சந்தைக்குப் பின்னால் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான்.

"பெரியப்பா, ரூட்டரை மெத்தை அடுக்குக்குப் பின்னாடி வெச்சிருக்கீங்களே, அது என்ன கல்யாணப் பொண்ணா, திரை போட்டு மறைக்க?"

பன்னிரண்டு மெத்தைகளுக்குப் பின்னாலிருந்து ரூட்டரை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தான். மேலே ஆணியில் பஹ்ரோம் கடித்துவிட்டுப் போன ரொட்டி துணிப்பையில் தொங்குகிறது. வந்து மீதியைத் தின்பதற்காக அவன் அம்மா மாட்டி வைத்தது. அதைத் தொடாமல் கம்பியை இழுக்க ஃபரூஹ் படாத பாடு பட்டான்.

செய்தவை: ரூட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டான். கணினியை வைஃபையை மறக்கச் சொல்லி, கடவுச்சொல்லை மறுபடி கொடுத்தான். வைஃபைக்கான மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினான். அலைவரிசையை மாற்றினான். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். பழக்கம்.

"இனிமே அறுந்தா என் காதை அறுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஏப்ரல் 10, வியாழன்

6.39க்கு அறுந்தது. காதைத் தயாராக வைத்திருக்கும்படி ஃபரூஹுக்குச் செய்தி அனுப்பினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒவ்வொரு முறை அறுபடும்போதும் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வரும். இத்தனை நாளும் படிக்காமலே மூடியிருக்கிறேன். இன்று காலை 7.05க்கு அறுந்தபோது வந்ததைப் புதுக் கண்ணால் படித்தேன். ரஷ்ய மொழியில் தெளிவாகவே எழுதியிருக்கிறது: இந்த வலையில் இதே முகவரியை வேறொரு கருவி பயன்படுத்துகிறது.

என் முகவரியில் இன்னொருவரா? யார்? நான்கு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்ற நிருபர் நான். இப்போது எழுதுவதெல்லாம் எங்கள் மஹல்லாவின், இந்த நாலு தெருவின், மரண அறிவிப்புகள். என்னிடம் உளவு பார்க்க என்ன இருக்கிறது? இருந்தும் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டேன். தாழிட்ட பிறகு, வைஃபைக்குக் கதவு ஏது என்று தோன்றியது.

ஃபரூஹ் போனில் சிரித்தான். "யாரோ உங்க வைஃபையைத் திருடறான் பெரியப்பா. பக்கத்து வீட்டைப் பாருங்க."

ஏப்ரல் 13, ஞாயிறு

பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஹோஷிம் அண்ணனின் வீடும் என் வீடும் ஒரே சுவர். முப்பது வருடப் பழக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். பொத்தான் போன். ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தது.

"இதை வெச்சு உன் காத்தைத் திருடி நான் என்னய்யா பண்ணப் போறேன்? வெங்காயம் வதக்கவா?"

மன்னிப்புக் கேட்டேன். விடவில்லை.

"முப்பத்தெட்டு வருஷம் ஊர்ல எவன் வீட்டுல எந்தக் கன்னுக்குட்டி காணாமப்போச்சுன்னு எழுதினே. உன் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கறாங்கன்னு ஒரு நாள் எட்டிப் பார்த்தியா? நிருபராம், நிருபர்!"

"யார் நிக்கறாங்க?"

"போய்யா. டீ ஆறுது."

மாலை 6.40க்கு அறுந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

தக்காளி நாற்று நட்டேன். இன்று அறுபடவில்லை. நேற்றும் இல்லை. கோளாறுக்குக் கிழமை தெரியுமா?

ஏப்ரல் 17, வியாழன்

ஃபரூஹ் மத்தியானமே வந்துவிட்டான். கடவுச்சொல்லை மாற்றினால் திருடன் தானாக வெளியே போவான் என்றான். சரி என்றேன். ஓய்னிசோ தேநீர்க் கிண்ணத்தோடு வந்து ரூட்டருக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"கடவுச்சொல்லை யாரும் தொடக்கூடாது."

"ஏன் பெரியம்மா?"

"அவன் வந்தா அவன் போன் தானாச் சேரணும். வாசல்ல நின்னு, எனக்கு வழி விடுங்கன்னு கேக்கணுமா?"

குரல் நடுங்கியது. இதற்கு ஏன் நடுங்க வேண்டும்? ரொட்டியை மாட்டி வைத்திருக்கும் தாய்மனம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஃபரூஹ் ரூட்டரைக் கவிழ்த்தான். அடியில் பஹ்ரோமின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. இந்த ரூட்டருக்குத் தானாக முகவரி கொடுக்கும் வேலை கெட்டு இரண்டு வருடம் ஆயிற்று. அதனால் ஒவ்வொரு கருவிக்கும் கையால் ஓர் எண் கொடுத்திருந்தான். 10 அம்மா. 11 தொலைக்காட்சி. 12 அப்பாவின் பழைய போன். 20 நான். ஒவ்வொன்றுக்கும் எதிரில், அந்தக் கருவியோடு பிறந்த அடையாளத்தின் கடைசி நான்கு எண்கள்.

"அண்ணன் பூட்டும் போட்டிருக்கான். இந்தச் சீட்டுல இருக்கிறதும், நான் சேர்த்த உங்க கணினியும் மட்டும்தான் உள்ள வர முடியும். திருடன் வரவே முடியாது பெரியப்பா. அப்ப வீட்டு ஆளுதான்." தலையைச் சொறிந்தான். "தொலைக்காட்சியாத்தான் இருக்கும். பழசு, கிறுக்குப் பிடிச்சிருக்கும்."

"என் கணினிக்கு என்ன எண்?"

"இருபது. பிப்ரவரியில நான்தான் போட்டேன். அண்ணன் ரஷ்யாவுல, அவன் எண் சும்மாதானே கிடந்தது."

கிண்ணம் கீழே விழுந்தது. உடையவில்லை. தேநீர் விரிப்பெல்லாம் ஓடியது. ஓய்னிசோ துடைக்கக்கூட இல்லை.

"அவன் எண்ணையா கொடுத்தே? ரொட்டியை மாட்டி வெச்சிருக்கோம். சாப்பிடும்போது அவன் இடத்துல யாரையும் உக்கார விடறதில்ல. அவன் எண்ணைத் தூக்கி ஒரு டப்பாவுக்குக் கொடுத்திருக்கே!"

ஃபரூஹ் தொலைக்காட்சியின் கம்பியைப் பிடுங்கிவிட்டுத் தப்பித்தோம் பிழைத்தோம் என்று கிளம்பினான். வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "கணினியும் உங்களை மாதிரிதான் பெரியப்பா, நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கும். சனிக்கிழமை வந்து பிரிச்சுக் காட்டறேன்."

6.41. தொலைக்காட்சி செத்துக் கிடக்க, அறுந்தது.

ஏப்ரல் 19, சனி

நிதானமாக எழுத வேண்டும். நடந்த வரிசையில்.

பதினொரு மணிக்கு ஃபரூஹ் வந்து கணினியின் பதிவேட்டைத் திறந்துவிட்டு, கடையில் ஆள் காத்திருக்கிறது என்று போய்விட்டான். நான் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு வரியிலும் தேதி, மணி, "20ஆம் முகவரியில் மோதல்", மோதிய கருவியின் அடையாளம். எல்லா வரியிலும் ஒரே அடையாளம். கடைசி நான்கு எண்கள் 4719.

முதல் பதிவு மார்ச் 14. தாளில் எடுத்து எழுதினேன். எங்கள் அழைப்பு நாள்கள் எல்லாம் இருந்தன. சில காலைகள். மார்ச் 21, நவ்ரூஸ் புத்தாண்டு, மத்தியானம் 12.20: அப்போது நாங்கள் முற்றத்தில் முப்பது பேருக்கு விரிப்பு போட்டிருந்தோம். மார்ச் 25, கண்ணில் கட்டோடு என்னைக் கூட்டிவந்த நாள். அன்று 2.10லிருந்து 5.30 வரை, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாகப் பதினேழு பதிவுகள்.

பிறகு ரூட்டரைக் கவிழ்த்தேன்.

தொலைக்காட்சி 0362. ஓய்னிசோ 8815. என் பழைய போன் 2290.

20. நான். 4719.

மறுபடி படித்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு, சரிசெய்த கண்ணால் மட்டும் படித்தேன். நான்கு ஏழு ஒன்று ஒன்பது.

போனை விற்றுவிட்டானா? வாங்கியவன் இந்தத் தெருக்காரனா? யெகாதெரின்பர்கில் விற்ற போன் குஜந்தில் என் சுவரோரம் வந்து நிற்குமா? செத்துக்கித்துப் போனானா, யாரோ பையை எடுத்துக்கொண்டு— இல்லை, ஞாயிற்றுக்கிழமை "அப்பா" என்றானே. குரல் அவனுடையதுதானே. அந்த வெள்ளைச் சுவர்.

ரூட்டர் ஐம்பது தப்படிக்கு மேல் எட்டாது. நானே நடந்து பார்த்திருக்கிறேன்.

பெயர் சொல்லி ஓய்னிசோவைக் கூப்பிட்டேன். சாதாரணமாக அப்படிக் கூப்பிடுவதில்லை. வந்தாள். என் கையில் கவிழ்ந்த ரூட்டரையும் சீட்டையும் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கே இருக்கான்?" என்றேன்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் கார் கழுவற இடத்துல. அங்கேயே தங்கிக்கறான்."

"எத்தனை நாளா?"

"மார்ச் பன்னெண்டு. வேலை செய்யற இடத்துல வளைச்சுப் பிடிச்சு, ஏதோ காகிதம் சரியில்லேன்னு விமானத்துல ஏத்தி அனுப்பிட்டாங்களாம். அஞ்சு வருஷம் அங்க போக முடியாது."

"உனக்குத் தெரியும்."

"வாய்க்கால் பக்கக் கதவுல வந்து நின்னான். தெரியாம எப்படி இருக்கும்? சாப்பாடு கொடுக்கறேன்."

"ஹோஷிமுக்கும் தெரியும்."

"தெருவுக்கே தெரியுங்க. ஃபரூஹுக்குத்தான் தெரியாது, ஓட்டை வாய். அப்புறம் உங்களுக்கு."

முப்பத்தெட்டு வருடம். நதி எப்போது பெருகும் என்பது முதல், பஞ்சு ஆலையில் யார் ராஜினாமா செய்யப்போகிறார் என்பது வரை ஊருக்கு முன்னால் தெரிந்துகொண்டவன் நான். என் சுவரோரம் நடந்த செய்தியைக் கணினிக் கோளாறு என்று பதினான்கு நாளாகப் பழுதுபார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அதைச் சொல்லத்தானே வாரம் ரெண்டு தடவை கூப்பிடறான்! முகத்தைப் பார்த்து அவனே சொல்லணுமாம். என் போன்ல வேண்டாமாம், நான் நடுவுல புகுந்து அழுவேனாம். காசில்ல, வீட்டு வைஃபையிலதான் கூப்பிடணும், அதான் சுவத்தோரம் வந்து நிக்கறான். 'அப்பா'ன்னு வாயைத் திறக்கறான், நீங்க வெட்டிடறீங்க."

"நானா வெட்டினேன்?"

"கணினிக் கோளாறுன்னு எத்தனையோ சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறான். 'உன் போனுக்கு நல்லா வருது, அவருக்கு மட்டும் எப்படிம்மா வராம போகும்? அவருக்குத் தெரிஞ்சு போச்சு. என் மூஞ்சியைப் பார்த்ததும் வெட்டறாரு'ங்கறான்."

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவன் எண்ணில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் வாசலுக்கு வந்ததும் ரூட்டர் எங்கள் இருவரில் ஒருவரைத் தள்ளிவிடுகிறது. அவன் பார்த்ததெல்லாம், அப்பா முகம் ஒரு கணம் வந்து மறைவதைத்தான். பத்து முறை.

"அப்படி வெட்டற ஆளா நான்?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன்.

"அவன் கிளம்பற அன்னிக்கு ஓஷ் விருந்துல என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? பத்திரமாப் போயிட்டு வான்னு சொன்னேன்."

"இல்ல. 'படிப்பைப் பாதியில விட்டே. ரொட்டிக்கடை வேலையைப் பாதியில விட்டே. மூணாவது தடவையும் பாதியில வந்தா இந்த வாசல் உனக்கு இல்ல.' நாப்பது பேரு முன்னாடி. எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கல. அப்பதான் ரொட்டியைக் கடிச்சான்."

நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு, காலை

போன வருட நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 2. அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"பஹ்ரோமை வழியனுப்பும் விருந்து. நாற்பது பேர். ஓஷில் அரிசி சற்றுக் குழைந்துவிட்டது, இறைச்சி நன்று. கடைசியில் பேசினேன். நன்றாகப் பேசினாய் என்று எல்லோரும் சொன்னார்கள்."

அரிசி குழைந்ததை எழுதியிருக்கிறேன். ஊரில் பிறர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் எழுதிச் சம்பளம் வாங்கியவன், நான் சொன்னதை எழுதவில்லை. ஓய்னிசோ பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. சொல்லியிருக்கிறேன்.

கார் கழுவும் இடத்துக்குப் போகலாமா என்று யோசித்தேன். சட்டையும் மாட்டினேன். அங்கே பத்துப் பேர் இருப்பார்கள். நாற்பது பேர் முன்னால் செய்தது போதும். சட்டையைக் கழற்றினேன்.

பத்து மணி. ஃபரூஹைப் போனில் அழைத்து, கணினியின் எண்ணை மாற்றுவது எப்படி என்று கேட்டேன். "நான் வந்து மாத்தறேன் பெரியப்பா" என்றான். நானே மாற்ற வேண்டும் என்றேன். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். மூன்று தடவை தப்பான பெட்டிக்குள் போனேன். நாலாவது தடவை 20ஐ அழித்து 21 போட்டேன். பச்சை வந்தது.

இவ்வளவுதானா! இதற்கா முப்பத்தேழு நாள்?

இப்போது மணி 10.50. இன்னும் எட்டு மணி நேரம் இருக்கிறது. வருவானா? வியாழனும் வெட்டினேனே.

அதே நாள், மாலை

6.30. எதுவுமில்லை.

6.40. எதுவுமில்லை. ஓய்னிசோ வாய்க்கால் கதவுக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். "போய் உட்கார்" என்றேன். "நீங்க போய் உட்காருங்க" என்றாள். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

6.52. அழைப்பு.

திரை நிறைய என் மகன். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறான். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. கீழுதட்டில் சோப்பு நீர் பட்டோ என்னவோ வெடிப்பு. புருவத்தில் ஒரு தழும்பு, அது எனக்குத் தெரியாத தழும்பு. எல்லாம் தெரிகிறது. கடவுளே, எல்லாம் தெரிகிறது.

அவன் வெட்டப்படுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான். ஐந்து நொடி. பத்து நொடி. அவன் முகம் மாறத் தொடங்கியது.

"அப்பா... வெட்டலையா?"

"நான் எப்பவுமே வெட்டலடா. உன் எண்ணுல நான் உக்காந்துட்டேன். இன்னிக்குக் காலையிலதான் எழுந்தேன்."

அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. சட்டென்று எங்கேயோ பார்த்தான், பிறகு என்னை. "அப்பா, ஒண்ணு சொல்லணும். கோவப்படாதீங்க. நான் இப்ப..."

அவன் தலைக்குப் பின்னால் வெள்ளைச் சுவர். இடது பக்கம் சுண்ணாம்பு மூன்று கோடாக வழிந்து காய்ந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், நவ்ரூஸுக்கு முந்தின நாள், ஏணியில் நின்று அதை வழியவிட்டவன் நான். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன். "அப்பா, சுவத்துக்கு மூக்கு ஒழுகுது" என்று சிரித்தவனும் அவன்தான்.

"சுவத்துக்கு இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்றேன்.

படம் ஆடியது. வானம், கம்பி வேலி, ஒரு கை, இருட்டு. அழைப்பு அறுந்தது. இந்த முறை அவன்தான் வெட்டினான். வாய்க்கால் கதவின் கொண்டி விழும் சத்தம் கேட்டது. அந்தக் கொண்டிக்கு எண்ணெய் போட வேண்டும் என்று போன வருடமே குறித்து வைத்திருந்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

ரொட்டியைத் தொடமாட்டேன் என்றான். "முடிச்சுட்டு வந்தவன் திங்கறது அது" என்றான். நான் ஆணியிலிருந்து எடுத்தேன். கல்லாகிவிட்டது. சுத்தியலால்தான் உடைக்க முடிந்தது. பெரிய துண்டைத் தேநீரில் போட்டு அவன் முன்னால் வைத்தேன். அவன் அது ஊறுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது பேர் முன்னால் சொன்னதைத் திரும்பப் பெறுவது எப்படி என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஓஷ் செய்து அதே நாற்பது பேரையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். ஹோஷிம் அண்ணனை நானே போய் அழைத்தேன். "காத்துக்குக் காசு கேக்க வந்தியோன்னு பயந்துட்டேன்" என்றார்.

பத்து மணிக்கு ரொட்டி ஊறியது. தின்றான்.

அவன் தூங்குகிறான். ஓய்னிசோ மெத்தை அடுக்கில் மேலே இருந்த மூன்றையும் எடுத்து அவனுக்கே விரித்துவிட்டாள். இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் வைஃபையில் இருக்கின்றன. ஒன்றும் அறுபடவில்லை.

ரூட்டரின் அடியில் இருக்கும் சீட்டில், அவன் கையெழுத்துக்குக் கீழே, என் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்.

21 அப்பா.